சைக்கிளுக்கு இடமில்லாத நகரம்!



சென்னை மண்ணடியில் தம்புச் செட்டித் தெருவிலோ லிங்கிச் செட்டித் தெருவிலோ காலை 11 மணிக்கு ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் சரக்கு இறக்கும் மினி லாரி. மறுபக்கம் வரிசையாக மோட்டார் பைக்குகள். நடுவில் ஆட்டோக்கள். எஞ்சியிருக்கும் இரண்டு முழ இடத்தில்தான் சைக்கிள்காரர் போக வேண்டும். எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டால் அடுத்த கேள்வி: சைக்கிளை எங்கே நிறுத்துவது?

கடை வாசலில் நிறுத்தினால் விரட்டுகிறார்கள். மின்கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது டயரில் காற்று இருப்பதில்லை. காருக்கும் பைக்குக்கும் இடம் ஒதுக்கியவர்கள் சைக்கிளை மறந்தே போனார்கள்!

யார் இந்தச் சைக்கிள்காரர்? குடோனிலிருந்து கடைக்கு சாம்பிள் கொண்டு வருபவர். உங்கள் கல்லாவுக்கு டீ கொண்டு வருபவர். மாதச் சம்பளத்தில் பெட்ரோலுக்கு ஒதுக்க வழியில்லாத நம் கடை ஊழியர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. கார் இருந்த வீடுகளோ நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. அப்படியிருக்க, சாலை யாருக்காகப் போடப்படுகிறது?

தமிழக அரசு பள்ளி மாணவ மாணவியருக்கு ஆண்டுதோறும் விலையில்லா சைக்கிள் வழங்குகிறது. நல்ல திட்டம்தான், பாராட்டுவோம். ஆனால் சைக்கிளைக் கொடுத்தவர்கள், அதை அச்சமின்றி ஓட்டுவதற்குப் பாதையைக் கொடுத்தார்களா?

சட்டமும் கொள்கையும் இல்லாமல் இல்லை. வாகனங்களை அல்ல, மக்களை மனதில் வைத்தே சாலையைப் பங்கிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்கிறது. 2014இல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்றே தனிக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் இருப்பது தெருவுக்கு வரவில்லை என்பதே நம் குறை.

‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று கேட்கலாம். நெதர்லாந்து நாட்டில் 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் 3 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்தப் போராட்டமும், அடுத்து வந்த எண்ணெய் நெருக்கடியும் அரசின் போக்கை மாற்றின. இன்று அந்நாட்டின் உத்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள்கள் நிறுத்த இடம் இருக்கிறது. கேட்டார்கள், பெற்றார்கள். நாம் கேட்டோமா?

அரசை நோக்கி விரல் நீட்டும் முன் நம்மையும் கொஞ்சம் பார்ப்போம்.

வணிகப் பெருமக்களே! காலையில் கடை திறக்கும்போது நிறுத்தும் உங்கள் பைக் இரவு கடை அடைக்கும் வரை வாசலிலேயே நிற்கிறது. அது உங்கள் வாடிக்கையாளர் நிற்க வேண்டிய இடமல்லவா? நடைபாதையில் சரக்கை அடுக்கினால் நடப்பவர் சாலையில் இறங்குகிறார். சைக்கிள்காரர் நடுச்சாலைக்குத் தள்ளப்படுகிறார். பின்னால் பஸ் வருகிறது. ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள்களை நிறுத்தலாம். பத்து சைக்கிள் என்றால் பத்து வாடிக்கையாளர்கள். இந்தக் கணக்கு வியாபாரிகளுக்குத் தெரியாதா?

ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் தெருக்களின் நிலை என்ன? அவசரமாக வந்து, வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டு உள்ளே ஓடுகிறோம். பாதைக்கு உரிமை உண்டு, அதில் பிறருக்குத் தொல்லை தரக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த சமுதாயம் நாம். வழி கிடைக்காமல் வெளியே நிற்பவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அவருக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இளைஞர்களே! உரிமை கேட்பவர்கள் ஒழுங்கையும் பேண வேண்டும். ஒருவழிப் பாதையில் எதிரே வராதீர்கள். நின்றிருக்கும் காரை ஒட்டிப் போகாதீர்கள். கதவு திடீரெனத் திறக்கும். திரும்பும் பஸ், லாரியின் இடப்பக்கம் நுழையாதீர்கள். ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். இரவில் முன்னே விளக்கும், பின்னே சிவப்பு ரிப்ளெக்டரும் அவசியம். பூட்டும்போது சக்கரத்தை மட்டும் பூட்டாமல், பிரேமையும் சேர்த்து அசையாத கம்பியில் பூட்டுங்கள்.

இனி செய்ய வேண்டியது என்ன?

ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் தன் வளாகத்தில் சைக்கிள் பூட்ட ஓர் இரும்புக் கம்பி வரிசை அமைக்கட்டும். பெரிய செலவல்ல; ஒரு வெல்டிங் பட்டறையில் முடிகிற வேலை. வியாபாரிகள் சங்கங்கள் தெருவுக்கு ஓர் இடத்தைத் தேர்ந்து, சரக்கு இறக்கும் நேரத்தையும் தங்களுக்குள் பேசி முடிவு செய்யட்டும். பிறகு எல்லாச் சமூகத்து வியாபாரிகளும் ஒன்றாகச் சென்று வார்டு கவுன்சிலரிடம் மனுக் கொடுப்போம்: கட்டண வாகன நிறுத்தம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் சைக்கிளுக்குக் கட்டணமில்லா இடம் வேண்டும்!

நம் வாசலைச் சரிசெய்துவிட்டுப் போய்க் கேட்டால், எந்த அதிகாரியும் நம்மைத் திருப்பி அனுப்பத் தயங்குவார். நாளைக் காலை கடை திறக்கும்போது உங்கள் பைக்கைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஒரு சைக்கிள் நிற்கட்டும்.

தொடங்குவோமா?