ஆடையா, இருளா?



ஜப்பான் தேசத்தின் ஒசாகா நகரில், ஷின்சாய்பாஷி கடைவீதிக்கு அருகே, அமெரிக்காமுரா என்றொரு பகுதி உண்டு. 'முரா' என்றால் கிராமம். முன்பு அது கிடங்குகள் நிறைந்த இடமாயிருந்தது. 1970 வாக்கில் இளைஞர்கள் அங்கே கூடத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த பழைய ஜீன்ஸ்களும் டி-ஷர்ட்டுகளும் அந்தக் கிடங்குகளில் விற்பனைக்கு வந்தன. அதனாலேயே அப்பெயர் நிலைத்தது.

பகலில் துணிக்கடைகளும் இசைத்தட்டுக் கடைகளும் நிரம்பி வழியும். முக்கோணப் பூங்காவின் படிகளில் இளைஞர்கள் உட்கார்ந்து, சுடச்சுட 'தாகோயாகி' உருண்டைகளைத் தின்பார்கள். தலைமுடியில் பல நிறங்கள், கிழிந்த ஆடைகள், விநோதமான அலங்காரங்கள்! இரவானால் நடனக் கூடங்கள் திறக்கும். இதைப் பார்க்கும் எந்தப் பெற்றோரின் உள்ளமும் கலங்காதிருக்குமோ?

கலங்குவதற்குக் காரணமும் இருந்தது. 2010-ஆம் ஆண்டு ஜனவரியில், அங்குள்ள ஒரு கூடத்தில் எழுந்த கைகலப்பின் விளைவாக ஒரு மாணவர் உயிரிழந்தார். இரைச்சலைக் குறித்து அக்கம்பக்கத்தாரின் முறையீடுகளும் பெருகின. காவல்துறை கடும் நடவடிக்கையில் இறங்கியது. பல கூடங்கள் மூடப்பட்டன.

அப்பொழுது காவல்துறை கையில் எடுத்தது எந்தச் சட்டம் தெரியுமா? 1948-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டம். போருக்குப் பிந்திய வறுமையில், நடனக் கூடங்கள் விபசாரத்துக்கு வாசலாயிருந்தன. ஆகவே வாடிக்கையாளர்களை ஆடவிடும் கூடங்களுக்கு உரிமம் வேண்டும் என்றும், உரிமம் பெற்றவையும் நள்ளிரவில், சில பகுதிகளில் ஒரு மணிக்கு, மூடவேண்டும் என்றும் அது விதித்தது. சிறிய கூடங்களுக்கு உரிமம் பெறவே வழியில்லை. தளம் 66 சதுர மீட்டராவது இருக்கவேண்டுமே!

உயிரைப் பறித்தது கைகலப்பு. குற்றமாகக் கருதப்பட்டதோ நடனம். புண் ஓரிடம், மருந்து வேறிடம் அல்லவா?

2012-ல் ஒசாகாவின் வேறொரு பகுதியிலிருந்த நூன் என்னும் கூடத்தின் உரிமையாளர் இச்சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். 2014-ல் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பாலியல் ஒழுக்கத்தைக் குலைக்கும் நடனத்தையே இச்சட்டம் தடுக்கிறது, அங்கே நடந்தது அத்தகையதன்று என்பது தீர்ப்பின் சாரம். 2015-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

திருத்தத்தில் ஒரு காரியம் நம் கவனத்துக்குரியது. நடனம் என்னும் அளவுகோல் நீக்கப்பட்டு, வெளிச்சம் அளவுகோலாக வைக்கப்பட்டது. நள்ளிரவுக்குப் பின் மதுவும் கேளிக்கையும் அளிக்கும் இடத்தில் 10 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் இருக்கவேண்டும். தனி அனுமதியும் பெறவேண்டும். 10 லக்ஸ் என்பது திரையரங்கில் இடைவேளையின்போது இருக்கும் வெளிச்சம் என்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் காண அது போதும். அதனினும் இருண்ட இடத்துக்கு விடியுமட்டும் நடத்த அனுமதியில்லை.

இதனால் இரவுக் கேளிக்கையின் ஆபத்துகள் ஒழிந்துபோயின என்று எவரும் எண்ணவேண்டாம். 2022-ல் ஜப்பானில் வயதுவந்தோருக்கான வயது 18 ஆகக் குறைக்கப்பட்டபோதும், மது அருந்தும் வயதை 20 ஆகவே வைத்துக்கொண்டார்கள். எதைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தலாகாது என்று பகுத்தறிந்தார்கள்.

பிரியமான பெற்றோரே, பெருநகரங்களில் பிள்ளைகளை வளர்க்கிற நாமும் பலவேளைகளில் அந்தப் பழைய சட்டத்தைப்போலவே நடந்துகொள்கிறோம். மகனின் தலைமுடியையும் மகளின் உடையையும் குறித்து வீட்டில் பெரும் வழக்கு நடக்கிறது. அவர்கள் யாரோடு போகிறார்கள், எப்படித் திரும்பி வருகிறார்கள், எதை நம்மிடம் சொல்லப் பயப்படுகிறார்கள் என்பதோ விசாரிக்கப்படுவதில்லை. உடை கண்ணுக்குத் தெரிகிறது, ஆபத்து தெரிவதில்லை. கண்டித்துக் கதவடைத்தால், பிள்ளை நம் கண்ணுக்கு எட்டாத இருளுக்குள் போய்விடக்கூடும்.

பிள்ளை வெளிச்சத்தில் நிற்கிறதா, இருளில் நிற்கிறதா என்பதையே முதலாவது பார்ப்போம். நம்மிடம் எதையும் மறைக்காமல் பேசத்தக்க வெளிச்சம் நம் வீட்டில் இருக்கிறதா? இன்றிரவே நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.