ஓய்வு யாருக்கு?



கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழும். “இந்த ஆண்டு மலைப்பக்கம் எங்கேனும் போய், நான்கு நாள் ஓய்வாக இருந்துவிட்டு வரலாமே!” நல்ல பேச்சுதான். ஆண்டு முழுவதும் உழைத்துக் களைத்த குடும்பம் சில நாட்கள் ஒன்றாக அமர்ந்து பேசிச் சிரித்துவிட்டு வருவதை யார் குறை சொல்வார்? ஆயினும், பெட்டியைக் கட்டுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள். அந்த ஓய்வு யாருக்கு?

இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் எண்ணலாம். தவறு செய்தவன் என்ற தகுதிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், மனைவி, மகன், மகள், வயது முதிர்ந்த என் தாயார் ஆகியோருடன் மூணாறுக்குச் சென்றேன். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகப் பயணம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, காட்டேஜ் என்கிறார்களே, அத்தகைய சிறு பலகை வீடு ஒன்றை மூன்று நாட்களுக்கு வாடகைக்கு எடுத்திருந்தேன். இரண்டு அறைகள், முன்னால் ஒரு தாழ்வாரம், பின்னால் சமையற்கட்டு. அந்தச் சமையற்கட்டைக் கண்டதும் என் மனம் கணக்குப் போட்டது. “நாமே சமைத்துச் சாப்பிடலாம். ஓட்டல் செலவு மிச்சம்!” ‘நாமே’ என்றேன். அந்தச் சொல்லுக்குள் இருந்தவர் ஒருவர்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மலைச்சமையலைப் பற்றி நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். மூணாறு 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பானையில் அரிசியும் பருப்பும் வேக நம் ஊரைவிட அதிக நேரம் பிடிக்கிறது. குக்கர் கொண்டு செல்லாத எங்களுக்காக, என் மனைவி அந்த அடுப்படியில் கூடுதலாக நின்ற நேரத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் நாள் மாட்டுப்பட்டி அணை, குண்டளை அணை, டாப் ஸ்டேஷன் என்று ஒரே சாலையில் ஓடினோம். மதியத்துக்குக் கட்டுச்சோறு வேண்டுமென்று அவர் ஃபஜ்ருக்கு முன்பே எழுந்திருந்தார். களைப்பில் வண்டியிலேயே உறங்கிவிட்டார். இரண்டாம் நாள் இரவிகுளம் தேசியப் பூங்கா. “நீங்கள் போய் வாருங்கள். திரும்பி வரும்போது சூடாகச் சோறும் ஆணமும் தயாராக இருக்கும்” என்றார். நானும் மறுத்துச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பாத்திரம் கழுவி, வீட்டைக் கூட்டி, துணிகளை மடித்து, ஊர் திரும்பினோம்.

வந்த மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்மணி என் மனைவியிடம், “என்னவெல்லாம் பார்த்தீர்கள்?” என்று ஆவலோடு கேட்டார். என் மகள் முந்திக்கொண்டு, “நாங்கள் வரையாடு பார்த்தோம். அம்மா மட்டும் பார்க்கவில்லை” என்றாள். என் மனைவியோ சிரித்தபடி, “சமையற்கட்டு ஜன்னலில் தேயிலைத் தோட்டம் அழகாகத் தெரிந்தது” என்றார். அதில் குறையும் இல்லை, குத்தலும் இல்லை. அதனால்தான் அது என்னை அதிகம் சுட்டது.

மறு ஆண்டு மீண்டும் சென்றோம். இம்முறை புறப்படும் முன்பே சில முடிவுகளை எடுத்தோம். ஒரு நாளைக்கு ஒரே ஓர் இடம். காலைப் பசியாற ரொட்டியும் முட்டையும். அது என் பொறுப்பும் மகனின் பொறுப்பும். மதிய உணவு வெளியில். இரவுக்குக் கஞ்சி, குக்கரில். பாத்திரம் கழுவுவது ஆண்கள் வேலை. மகன் முதல் நாள் முட்டையைக் கருக்கினான். எவரும் பட்டினி கிடக்கவில்லை. என் தாயார் தாழ்வாரத்து வெயிலில் நாற்காலி போட்டு அமர்ந்து, தம் இளமைக் காலக் கதைகளைப் பேரப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அவற்றில் பாதியை நானே அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

இரவிகுளத்துக்கு ஐவரும் சென்றோம். 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த வனம் 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவானது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அதனுள்தான் நிற்கிறது. நுழைவாயிலிலிருந்து வனத்துறை வண்டியில் ராஜமலைக்கு அழைத்துச் செல்கிறார்கள். அதன்பின் சிறிது தூரம் நடை. நீலக்குறிஞ்சி பூக்காத ஆண்டில் அங்கே போய் என்ன பார்ப்பது என்று சிலர் கேட்பதுண்டு. 2018இல் பூத்த அந்த மலர் இனி 2030இல்தான் பூக்கும். அதுவரை அங்கே காண வரையாடு இருக்கிறது. சங்கப் பாடல்கள் ‘வருடை’ என்று குறிப்பிடும் இவ்விலங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. 2025இல் தமிழகமும் கேரளமும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் இரு மாநிலங்களிலும் சேர்த்து 2,668 வரையாடுகள்தாம் இருந்தன.

பாதையோரப் பாறையின்மேல் ஒரு தாய் ஆடும், அதன் அருகே ஒரு குட்டியும் நின்றன. என் மனைவி அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அங்கே ஓர் அறிவிப்பு என் கண்ணில் பட்டது. வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தை முன்னிட்டு, ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களையொட்டிப் பூங்காவை மூடிவிடுகிறார்கள். அந்நாட்களில் பார்வையாளர் எவருக்கும் அனுமதி இல்லை. வருமானம் போனாலும் போகட்டும், தாயும் குட்டியும் தொல்லையின்றி இருக்கட்டும் என்பது ஏற்பாடு. ஒரு காட்டு விலங்கின் தாய்மைக்கு ஓர் அரசுத்துறை ஆண்டுதோறும் சில வாரங்கள் ஓய்வு தருகிறது. என் வீட்டில் இருபது ஆண்டுகளாக ஒருவர் அடுப்படியில் நின்றிருக்கிறார். அவருக்கு நான் தந்த ஓய்வு நாட்கள் எத்தனை? எண்ணிப் பார்க்க ஒரு கையின் விரல்களே போதுமானவையாக இருந்தன.

வாசகர்களே! நீங்கள் செல்லும் இடம் மூணாறாக இருக்கலாம். வேறு மலையாகவும் இருக்கலாம். பயணத்துக்குத் திட்டமிடும்போது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். யார் சமைப்பது, யார் கழுவுவது, முதியவருடன் யார் இருப்பது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்று வரிகளிலும் ஒரே பெயர் வந்தால் அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பூங்கா மூடியிருக்கும் நாட்களை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டை இணையத்தின் வழியே முன்பதிவு செய்யும் வசதி இன்று உண்டு. மே மாதமானாலும் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கம்பளி உடை தேவை. பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வரையாடு அஞ்சாமல் அருகில் வரும். அதற்குத் தீனி கொடுக்கவோ, தொடவோ வேண்டாம்.

இரண்டாவது பயணத்தில் நாங்கள் பார்த்த இடங்கள் முதல் முறையைவிடக் குறைவு. செலவு சற்றுக் கூடுதல்தான். ஆனால் ஊர் திரும்பிய மாலை, அதே பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து விசாரித்தபோது, என் மகள் வாயைத் திறக்கவே இடமில்லை. அஸருக்குப் பின் தொடங்கிய பேச்சை என் மனைவி மஃரிப் வரை முடிக்கவில்லை. அன்றைய தேநீரை நான்தான் போட்டேன்.

மீண்டும் கேட்கிறேன். வருகிற விடுமுறையில் உங்கள் இல்லத்தில் ஓய்வு யாருக்கு? சிந்தியுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.