ஆச்சியைப் பாயோடு விட்டுவிடாதீர்கள்

ஈரத் தரையில் ஆச்சி வழுக்கி விழுகிறார். ஒரு கால் கட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிவிடுகிறது. "இந்த வயதில் கத்தி வைப்பதா? புக்கை கட்டுவோம்" என்கிறோம். இது தவறான இரக்கம்.

கை முறிவுக்குப் புக்கை கட்டிச் சுகம் கண்டோர் இருக்கலாம். இடுப்பின் கதை வேறு. தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகினால், அதன் தலைக்கு இரத்தம் செல்வது தடைப்படும், பொருந்துவது அரிது. ஆகவே முதியவர்களுக்குச் செயற்கைத் தலை பொருத்துகிறார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்தால் உலோகத் தகடோ கம்பியோ வைத்து இறுக்குகிறார்கள். சத்திரசிகிச்சையிலும் ஆபத்துண்டு. ஆனால் வாரக்கணக்கில் படுத்திருப்பவரை நியூமோனியாவும் படுக்கைப் புண்ணும் காலில் உறையும் இரத்தமும் அதைவிட நிச்சயமாகத் தேடி வருகின்றன. இயன்றால் மறுநாளுக்குள் சத்திரசிகிச்சை நடப்பது நல்லது.

நாம் வயதைச் சாட்டாகச் சொன்னாலும், தயக்கத்துக்குக் காரணம் பல வேளைகளில் துணைக்கு நிற்பவர் இழக்கும் நாட்கூலிதான். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அது சிறிய தொகையல்ல. அயலவர் முறைவைத்து நின்றால் அந்தப் பாரம் குறையும். போகும்போது ஆச்சி பாவிக்கும் குளிசைகளைக் கையோடு கொண்டுபோங்கள். சத்திரசிகிச்சைக்கு மறுநாளே தாதிமார் அவரை எழுப்பி நிறுத்தப் பார்ப்பார்கள். "பாவம், படுக்கட்டும்" என்று தடுக்காதீர்கள்.