யானையைக் குற்றவாளியாக்கிய படம்

'எலிபன்ட் வோக்' பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர் முகங்களில் ஒரு பூரிப்பு வந்துவிடுகிறது. ஹொலிவூட் நமது தேயிலை மலையைத் தேடி வந்ததாம். எலிசபெத் டெய்லர் இலங்கைத் துரையின் மனைவியாக நடித்தாராம். (1953இல் படப்பிடிப்புக்காக இங்கே வந்தவர் விவியன் லீ. அவர் சுகவீனமுற்ற பிறகே டெய்லரை ஒப்பந்தம் செய்தார்கள். தூரத்துக் காட்சிகள் சிலவற்றில் இப்போதும் தெரிவது லீதான்.) மலையகத்துக்கும் உலக சினிமாவுக்கும் உள்ள உறவு என்று கட்டுரை எழுதுபவர்கள் முதலில் இந்தப் படத்தைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். எனக்கு இது எரிச்சலூட்டுகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காலத்து அமெரிக்கத் திகில் படங்களின் சரக்கு அத்தனையும் இதில் உண்டு. இறந்தும் வீட்டை ஆளும் ஒரு பெரியவர், புதிதாக வந்து மிரளும் மனைவி, எசமானின் நினைவைக் காத்துநிற்கும் வேலைக்காரன். ஹிட்ச்கொக்கின் 'ரெபேக்கா'வை (1940) பார்த்தவர்களுக்கு இந்த வீடு பழகிய வீடு. 'லோரா'வில் (1944) துப்பறிவாளராக வந்த டானா அன்ட்ரூஸும் இருக்கிறார். ஆனால் குற்றம் எங்கே? யானைகள் தண்ணீருக்குப் போகும் பாதையை மறித்துப் பங்களா கட்டியதுதான் படம் கண்டுபிடிக்கும் ஒரே குற்றம். கடைசியில் யானைகள் வந்து வீட்டை நொறுக்குகின்றன. தீ எரிகிறது. துரையும் துரைசானியும் புதுவாழ்வு தேடிப் புறப்படுகிறார்கள். கணக்குத் தீர்ந்துவிட்டது! அந்த மலையில் கொழுந்து பறித்தவர்களுக்குப் படத்தில் கூட்டம் என்ற அந்தஸ்துக்கு மேல் எதுவுமில்லை.

கமரா சுழன்ற அந்த 1953ஆம் ஆண்டில் அந்தக் கூட்டத்தின் நிலை என்ன? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வாசலைத் திறப்பதுபோலக் காட்டி, விவாகமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம், 1946 ஜனவரி 1க்கு முன்னர் இடைவிடாது இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கவேண்டும் என்றது. பிறந்த பதிவே இல்லாத லயத்து மனிதன் எதைக்கொண்டு நிரூபிப்பான்? எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகும்வரை அங்கீகரிக்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர்தான்.

இந்தச் சட்டம் தோட்டத்தோடு நிற்கவில்லை என்பதை நம் வாசகர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். மலைநாட்டுப் பட்டினங்களில் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் இதே வரிசையில்தான் நின்றார்கள். ஹட்டனில் எங்கள் வாப்பா பழைய கடன் கொப்பிகளை எரிக்க விடமாட்டார். "பேரும் திகதியும் கிடக்கிற கடுதாசி, ஆருக்காவது தேவைப்படும்" என்பார்.

பேரும் திகதியும் உள்ள ஒரு கடுதாசி மனிதனைக் கொல்லும் கதையை அமெரிக்கர்கள் அப்போதே எடுத்துவிட்டார்கள். றூடொல்ப் மாத்தே இயக்கிய 'டி.ஓ.ஏ.' (1950) என்ற படம். ஒருவன் பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்து கொலையொன்றை முறையிட வந்திருப்பதாகச் சொல்கிறான். கொல்லப்பட்டது யார் என்று கேட்டால், தான்தான் என்கிறான். சாதாரணக் கணக்காளன். உடலில் மெல்லக் கொல்லும் நஞ்சு. அவன் செய்த பாவம், எப்போதோ ஒரு விற்பனைப் பத்திரத்தை அத்தாட்சிப்படுத்தியதுதான். சாவதற்கு முன் தன் கொலைகாரனைத் தானே தேடி அலைகிறான். உயிரோடு நடமாடிக்கொண்டே கணக்கிலிருந்து நீக்கப்பட்டவன் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவதை நம்மைவிட யார் அறிவார்? தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லாத இந்தப் படத்தைத்தான் நான் மலையகப் படம் என்பேன்.

இந்த வகைப் படங்களை எடுத்தவர்களில் பில்லி வைல்டர், றொபேட் சியோட்மாக், பிரிட்ஸ் லாங் முதலானோர் ஹிட்லரின் ஜேர்மனியை விட்டுத் தப்பி ஓடியவர்கள். சுவரில் விழும் நிழல் அவர்களுக்கு வெறும் அலங்காரமாக இருந்திருக்காது.

தமிழில் இது முடியாது என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 'எலிபன்ட் வோக்' வெளியான அதே 1954 ஏப்ரலில்தான் சென்னையில் ஏவி.எம்.மின் 'அந்த நாள்' வெளிவந்தது. எஸ். பாலசந்தர் இயக்கம், பாட்டே கிடையாது. 1943 ஒக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய நேரத்தில் ஒரு வானொலிப் பொறியியலாளன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அவன்தான் தேசத்துரோகி என்று தெரியவருகிறது. சுட்டவள் அவனுடைய மனைவி. அமெரிக்கத் துரைசானிக்கு வீட்டுக்குள் தெரியாத குற்றம், சிவாஜியின் மனைவியாக வந்த பண்டரிபாய்க்குத் தெரிந்தது.

நமது சஞ்சிகைகளோ மர்மம், துப்பறிதல் என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கைச் சுளிக்கின்றன. அது ரயில் பயணத்துக்கான மலிவுப் பதிப்பாம். மலையகம் என்றால் ஒப்பாரியும் கொழுந்துக்கூடையும்தான் வேண்டுமாம். 1975இல் வி.பி. கணேசன் 'புதிய காற்று' படத்தின் மூலம் தோட்டத்தைத் திரைக்குக் கொண்டுவந்ததை மதிக்கிறேன். ஆனால் அனுதாபம் தேடும் கதை, செய்தவன் பெயரைக் கேட்பதில்லை. துப்பறியும் கதையால் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. யார் செய்தார்? யார் கையொப்பமிட்டார்? யாருக்கு இலாபம்?

விஷயம் இல்லாமலா போய்விட்டது? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். விசாரணைக்கு ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் விதவைக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். சாட்சிகள், குறுக்கு விசாரணை, துரைமார், பொலிஸ், மலைப்பாதை, ஒரு துப்பாக்கி, வெள்ளைச் சேலையில் ஒரு பெண். வைல்டர் கையில் கிடைத்திருந்தால் விட்டிருப்பாரா? நம்மவர்களுக்கோ எண்பது வருடம் கழிந்தும் யானைதான் கண்ணுக்குத் தெரிகிறது.