உறங்குவதை எழுப்ப உள்ளே ஒருவர் விழித்திருத்தல் வேண்டும்

சென்ற விடுமுறையில், தமிழ்ப் பாடக் கருத்தரங்கொன்றின் பொருட்டு நாம் கொழும்பு சென்றிருந்தோம். மறுநாள் வாசிக்கவேண்டிய கட்டுரையோ உடப்புசல்லாவையில், எமது இல்லத்து மேசைமீது, மடிக்கணினியினுள் இருந்தது. கணினியை நிறுத்தாமல் மூடிவைத்து வந்தமையால் அது துயில்நிலையில் இருந்தது. தொலைவிலிருந்து அதனை இயக்கும் செயலி எமது கைத்தொலைபேசியில் இருந்தும், எத்தனை முறை முயன்றாலும் கணினி இணைப்பில் இல்லை என்னும் விடையே வந்தது. ஈற்றில் மகளைத் தொலைபேசியில் அழைத்து, ஓடும் பேருந்தில் பலரும் கேட்கக் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக உரைத்தோம். கட்டுரை வந்து சேர்ந்தது; நாணமும் உடன் வந்தது.

சொந்தக் கதையை விழா மலரில் ஏன் கூறவேண்டும் எனின், காரணம் உண்டு. கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழும் எமது பழைய மாணவர் சிலர், கல்லூரிக் கணினி அறையைத் தாம் இருக்கும் இடத்திலிருந்தே பேணித்தர முன்வந்துள்ளனர். எண்ணம் போற்றத்தக்கது. ஆனால், அதற்குக் கல்லூரி ரவுட்டரில் வெளியாருக்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்டாற் போதும் என்று ஒரு சாரார் கூறுவதை நாம் ஏற்கவில்லை.

துயிலும் கணினியில் கணிக்கும் பகுதி நின்றுவிடும். நினைவகத்தைக் காக்கச் சிறிதளவு மின் மட்டும் ஓடும். தொலைவிலிருந்து இயக்க உதவும் செயலியும் உடன் உறங்கிவிடுமாதலால், அழைப்பிற்கு விடை கூற எவரும் இல்லை. இக்குறையைத் தீர்க்க 1995ஆம் ஆண்டு ஏ.எம்.டி., ஹியூலட் பக்கார்ட் நிறுவனத்தார் ஒரு வழி கண்டனர். அதன் பெயர் 'மெஜிக் பக்கெட்' என்பது. பெயர் மாயமாயினும் செய்தி எளிது. முதலில் 255 என்னும் எண் ஆறு முறை வரும். பின்னர், எழுப்பவேண்டிய கணினியின் வலையமைப்பு அட்டைக்குரிய 48 பிட் முகவரி பதினாறு முறை வரும். ஆக மொத்தம் 102 பைட். ஏனைய உறுப்புகள் உறங்கும்போதும் அவ்வட்டை மட்டும் செவிசாய்த்திருந்து, தன் பெயர் பதினாறு முறை அழைக்கப்படக் கேட்டதும் கணினியை எழுப்பிவிடும்.

ஆயினும் இக்கூவல் வீட்டுச் சுவருக்குள் எழவேண்டிய கூவல். வெளியிலிருந்து வலையமைப்பு முழுமைக்கும் விடுக்கப்படும் அழைப்பை ரவுட்டர் உள்ளே விடுவதில்லை. தீயோர் இத்தகைய அழைப்புகளைப் பிறரைத் தாக்கும் கருவியாக்கியமையால், அவற்றை இயல்பாகவே தடுத்தல் வேண்டும் என 1999ஆம் ஆண்டு இணைய நெறி வகுக்கப்பட்டது. எம்மவர்க்கு ஓர் உவமை கூறுவோம். நானுஓயாவிலிருந்து வந்த சிறு புகைவண்டிப் பாதை உடப்புசல்லாவையின் பெயரைத் தாங்கியிருந்தும் ராகலையுடன் நின்றுவிட்டது. அதற்கப்பால் வேறு வழிதான் தேடவேண்டியிருந்தது. வெளியழைப்பும் அவ்வாறே வாயிற்படியுடன் நின்றுவிடுகிறது.

இப்பகுதிக்கே உரிய இடர்களும் உள. சிம் அட்டை செருகிய ரவுட்டரைப் பயன்படுத்தும் இல்லங்கள் பல. அத்தகைய இணைப்புகளில் பல வாடிக்கையாளர் ஒரே பொது முகவரியின் பின்னே வைக்கப்படுவது வழக்கமாதலால், வெளியிலிருந்து வரும் அழைப்பு எவ்வீட்டுக்கு உரியது என்பது தெரியாமற் போகும். மடிக்கணினிகள் பல, கம்பி இணைப்பில் கேட்பதுபோல் வைஃபையிற் கேட்பதில்லை; மின்கலத்தில் இருக்கும்போதும் கேளாதவை உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதே. அந்நாட்களில் ரவுட்டரே அணைந்திருந்தது.

இனி வாயிலைத் திறப்போம் என்பாரின் கூற்றுக்கு வருவோம். திறந்த வாயில் நண்பருக்கு மட்டும் திறந்ததன்று. விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் 3389 என்னும் வாயில் எங்கே திறந்துள்ளது என இரவும் பகலும் தேடித் திரியும் நிரல்கள் உண்டு. கண்டவுடன் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று, உட்புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பர். கல்லூரிக் கணினிகளில் இருப்பவை பிள்ளைகளின் பெயர்களும் புள்ளிகளும் பெற்றோர் விபரங்களும் அல்லவா? தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டுள்ள நாட்டில், காப்போர் நாமே கவனமற்று இருத்தல் தகாது.

கோப்புகளை இணையச் சேமிப்பில் வைத்தாற் போதாதோ என்று வினவலாம். எமது கட்டுரைக்கு அது போதும். இப்பொழுது அவ்வாறே செய்கின்றோம். பழுதுற்ற கணினியைத் திருத்த அது உதவாது. அதற்குத் தக்க வழி, உள்ளே ஒன்றை விழித்திருக்கச் செய்தலாகும். 2012ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை போன்ற கையகலக் கணினி சில வாட் மின்னில் நாள் முழுதும் இயங்கும். டெயில்ஸ்கேல் போன்ற சேவையினால் அது தானே வெளியே சென்று மறைகுறி இட்ட இணைப்பை ஏற்படுத்தும். வாயில் எதுவும் திறக்கவேண்டியதில்லை. பொது முகவரியும் வேண்டியதில்லை. ரொறன்ரோவில் உள்ள பழைய மாணவர் அதனை அழைப்பார். அது அறைக்குள் மெஜிக் பக்கெட்டை அனுப்பும். கம்பியால் இணைத்து, பயாஸ் அமைப்பில் இசைவு தந்து வைத்த கணினி விழித்துக்கொள்ளும்.

ஆனால் அச்சிறு கணினியும் மின்வெட்டில் அணையும். மழையில் கம்பி அறும். அப்போது சென்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஆகவே விழா நிதியில் மேலும் ஒரு கணினி வாங்குவதை விடுத்து, விழித்திருக்கும் சிறு கருவி ஒன்று, அதற்கு மின்சேமிப்புப் பெட்டி ஒன்று, பொறுப்பாசிரியர் ஒருவர், ஆண்டுதோறும் பயிற்றப்படும் மாணவர் இருவர் என்னும் ஏற்பாட்டினைச் செய்யுமாறு பழைய மாணவரை வேண்டுகின்றோம். எவர் எப்பொழுது நுழைந்தார் என்பது பதிவாகட்டும்; பணி முடிந்தவரின் அனுமதி அன்றே நீக்கப்படட்டும்.

எமது பிள்ளைகளுட் பலர் தொழில் தேடி மலையிறங்கிச் செல்கின்றனர். சென்றவர் கல்லூரியை மறவாது அழைப்பது எமக்குப் பெருமையே. அவ்வழைப்பைக் கேட்டு எழுந்து வினையாற்ற இங்கே இருவரையேனும் ஆளாக்கி வைத்தால், அவர்தம் அன்பு வீண்போகாது.