ஆடத் தெரிந்தால் போதுமா?



ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேரனுக்குக் கால்பந்து என்றால் உயிர். சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம். 'டிவி'யில் மேட்ச் ஓடினால் போதும். போன வாரம் அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"தாத்தா, ஒரு டீமுக்குக் கோச் வேணும்னா, பழைய ஸ்டார் பிளேயர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துட்டா போதுமே! அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே?"

சின்னக் கேள்விதான். ஆனால், 30 ஆண்டுகளுக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவன் நான். எனக்கு அது பெரிய கேள்வியாகப் பட்டது. அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

சாபி அலோன்சோ என்று ஒருவர். ஸ்பெயின் நாட்டுக்காரர். 2010ல் உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் அணியில் நடுக்களத்தில் ஆடியவர். ஐரோப்பாவின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை, இரண்டு வெவ்வேறு அணிகளுக்காக ஆடி வென்றவர். 2017ல் ஓய்வு பெற்றார்.

இப்படிப்பட்டவர் பயிற்சியாளர் ஆக நினைத்தபோது, எங்கே போய்ச் சேர்ந்தார் தெரியுமா?

2018ல், ரியல் மாட்ரிட் கிளப்பின் 14 வயதுக்கு உட்பட்டோர் அணிக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஆமாம், உங்கள் வயதுப் பிள்ளைகள்தான்! அதே கிளப்பின் முதல் அணிக்காக ஐந்து ஆண்டுகள் ஆடியவர், இப்போது சிறுவர்களோடு மைதானத்தில் நின்றார்.

அடுத்த ஆண்டு, தான் முதலில் ஆடத் தொடங்கிய ரியல் சோசிடாட் கிளப்புக்குத் திரும்பினார். அங்கேயும் முதல் அணி இல்லை. இளைஞர்கள் ஆடும் இரண்டாவது அணி. மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். 2021ல் அந்த அணி ஒரு படி மேலே, இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. மறு ஆண்டே மறுபடியும் கீழே இறங்கியது. ஆக, தோல்வியையும் அங்கேயே பார்த்துவிட்டார்.

2022 அக்டோபரில் ஜெர்மனியின் பேயர் லெவர்குசன் அணி அவரை அழைத்தது. 18 அணிகள் உள்ள லீக்கில் அது அப்போது 17வது இடத்தில் தவித்துக் கொண்டிருந்தது. 2023-24 பருவத்தில் அதே அணி 34 ஆட்டங்களில் 28 வெற்றி, 6 டிரா. ஒரு தோல்விகூட இல்லை! ஜெர்மன் லீக்கில் ஒரு முழுப் பருவத்தைத் தோற்காமல் முடித்த முதல் அணி அதுதான். 1904ல் தொடங்கிய அந்த கிளப்புக்கு, அதுவே முதல் லீக் பட்டம்.

குழந்தைகளே, நன்றாக ஆடத் தெரிவது ஒரு வித்தை. ஆடச் சொல்லிக் கொடுப்பது வேறொரு வித்தை. முதல் வித்தை தெரிந்தவருக்கு இரண்டாவது தானாக வந்துவிடாது. அதையும் 'அ, ஆ'விலிருந்து கற்க வேண்டும். இதுதான் என் கருத்து.

நம்பிக்கை இல்லையா? உங்களில் பலருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். கீழே விழாமல் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று தம்பிக்கு வாயால் சொல்லிப் பாருங்கள். "அப்படியே ஓட்டுடா... விழாம ஓட்டுடா" என்பதற்கு மேல் வார்த்தை வராது! நமக்குச் சுலபமாக வருவதைத்தான் மற்றவருக்கு விளக்குவது கஷ்டம். பெரிய ஆட்டக்காரர்களின் சங்கடமும் அதுதான்.

நானும் அந்தச் சங்கடத்தில் மாட்டிக் கொண்டவன்தான். 1979ல் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, ஒரு பள்ளியில் பாடம் எடுக்க அனுப்பினார்கள். கணக்கில் எப்போதும் முதல் மார்க் வாங்கியவன் என்ற கர்வம் எனக்கு. 'கடன் வாங்கிக் கழித்தல்' நடத்தினேன். 52லிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். "இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு" என்றேன்.

ஒரு பையன் எழுந்தான். "சார், கடன் வாங்கினா திருப்பிக் கொடுக்க வேணாமா?" என்றான்.

வகுப்பே சிரித்தது. என்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்து, பெஞ்சு மேல் ஏறி நிற்க வைத்தேன்.

மாலையில், என் பாடத்தைப் பார்வையிட்ட மூத்த ஆசிரியர் கேட்டார்: "பையன் நல்ல கேள்விதானே கேட்டான்? உனக்குப் பதில் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை! கணக்குப் போடத் தெரிந்தது. ஏன் அப்படிப் போடுகிறோம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். சொல்லிக் கொடுக்கத் தெரியாத நான், பையன் மேல் பழி போட்டேன்.

மறுநாள் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எடுத்துப் போனேன். ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் இருந்தால் 52. ஏழு குச்சி எடுக்க முடியாவிட்டால், ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும். யாரிடமும் கடன் வாங்கவில்லை. நம்முடைய கட்டையே நாம் பிரிக்கிறோம். எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் அந்தப் பையன், நான் அங்கிருந்த நாள்வரை மறுபடி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அது இன்றும் என் மனதில் முள்ளாகக் குத்துகிறது.

ஆசிரியருக்குப் பயிற்சி இருப்பது போல, ஐரோப்பாவில் கால்பந்துப் பயிற்சியாளருக்கும் படிப்பு உண்டு. பி, ஏ, புரோ என்று படிப்படியாக உரிமம் வாங்க வேண்டும். எத்தனை கோப்பை வென்றவரும் இந்த வகுப்பில் மாணவராக உட்கார வேண்டியதுதான்.

படிகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும்? 2006ல் உலகக் கோப்பை வென்ற இத்தாலி வீரர் ஆந்திரியா பிர்லோவை, 2020 ஜூலை 30ல் ஜுவென்டஸ் கிளப் தன் 23 வயதுக்கு உட்பட்டோர் அணிக்குப் பயிற்சியாளராக அறிவித்தது. ஒன்பதே நாளில், அந்த அணி அவர் கீழ் ஒரு ஆட்டம்கூட ஆடாத நிலையில், அவரை முதல் அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது! தொடர்ந்து ஒன்பது முறை லீக் பட்டம் வென்றிருந்த அணி, அந்தப் பருவத்தில் நான்காம் இடத்துக்குப் போனது. வேறு இரண்டு கோப்பைகளை வென்றும், ஓராண்டு முடிவதற்குள் பிர்லோ பதவி இழந்தார். தவறு அவருடையது மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கற்றுக்கொள்ள அவருக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

"அப்படியானால் பெக்கன்பவர்?" என்று கால்பந்து தெரிந்த பிள்ளைகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1974ல் மேற்கு ஜெர்மனியின் கேப்டனாக உலகக் கோப்பை வென்றவர் அவர். 1984ல் உரிமம் எதுவும் இல்லாமலேயே அந்த அணியின் பொறுப்பை ஏற்று, 1990ல் மறுபடியும் கோப்பை வென்று காட்டினார். ஆனால் உரிமம் பெற்ற பயிற்சியாளர்கள் அவருக்குத் துணையாக இருந்தார்கள். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக் கொள்வதும் புத்திசாலித்தனம்தானே!

இதில் இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. பள்ளி அணியில் இடம் கிடைக்கவில்லையே என்று வருத்தப்படும் பிள்ளைகளுக்கு அது. இத்தாலியின் அர்ரிகோ சாக்கி பெரிய ஆட்டக்காரராக இருந்ததே இல்லை. செருப்பு, ஷூ விற்றவர். சிறிய அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் படிப்படியாக மேலே வந்தார். 1989, 1990 இரண்டு ஆண்டுகளிலும் மிலன் அணிக்கு ஐரோப்பியக் கோப்பையை வென்று கொடுத்தார்.

எல்லாவற்றையும் கேட்ட என் பேரன், "அப்போ கோச் ஆகணும்னா நான் இப்ப என்ன பண்றது தாத்தா?" என்றான்.

"தெருவில் உன்னோடு விளையாட வரும் மூன்றாம் வகுப்புப் பொடியனை கோல் கம்பத்துக்குப் பின்னால் பந்து பொறுக்க விடாதே. அவனுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக் கொடு. அவனுக்கு வரவில்லை என்றால் திட்டாதே. வேறு மாதிரி சொல்லிப் பார்" என்றேன்.

நீங்களும் செய்து பாருங்கள், குழந்தைகளே! பக்கத்தில் இருப்பவன் பாடத்தில் சந்தேகம் கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவன் கேட்பது, உங்களுக்கே பதில் தெரியாத கேள்வியாக இருக்கலாம்!