பலகை யார் கைக்குக் கிடைக்கிறது?

பாடியில் ஒரே வீட்டில் அக்காவும் தம்பியும் சதுரங்க கிராண்ட்மாஸ்டர்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மேல் அயனம்பாக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழு வயதில் காய் நகர்த்தக் கற்றுக்கொண்ட பையன், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனான். வைஷாலி, பிரக்ஞானந்தா, குகேஷ் என்ற இந்த மூன்று பெயர்களும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து வீடுகளில் இன்று சொந்தப் பிள்ளைகளின் பெயர்போலப் புழங்குகின்றன. ஆனால் இவர்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் முடிகிறது: "அதெல்லாம் பொறப்புலயே வரணும் சார், நம்ம புள்ளைங்களுக்கு எங்க வரும்?" இந்தப் பேச்சை இப்படியே விட்டுவிடக்கூடாது என்பதற்காகவே இந்தத் தலையங்கத்தை எழுதுகிறோம்.

இதே கேள்வியை நம் பகுதி இளைஞர்கள் வேறொரு வழியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானிய மங்கா படக்கதைகளையும் அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட அனிமே தொடர்களையும் கைப்பேசியில் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. 'நருட்டோ' தமிழ் பேசித் தொலைக்காட்சிக்கே வந்துவிட்டது. பெரியவர்கள் அதைப் பொம்மைப் படம் என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் மேதைமை ரத்தத்தில் வருகிறதா, உழைப்பில் வருகிறதா என்ற கேள்வியை இந்தக் கதைகள் அளவுக்கு விடாமல் துரத்தும் வெகுஜனக் கலைவடிவம் இன்று வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை வரைந்த 'நருட்டோ'வில் ராக் லீ என்று ஒரு சிறுவன். நிஞ்சாக்களின் மந்திர வித்தை எதுவும் அவனுக்குக் கைகூடாது. உடலை மட்டும் நம்பிப் பயிற்சி எடுக்கிறான். ஒரு தேர்வுச் சண்டையில் அவன் தன் கால்களில் கட்டியிருந்த எடைகளைக் கழற்றிக் கீழே போடும் காட்சி உண்டு. எடை விழுந்த இடத்தில் தரை பிளக்கிறது. இத்தனை நாளும் இவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டா இவன் ஓடினான் என்று சுற்றி நிற்பவர்கள் திகைக்கிறார்கள். உழைப்பை இதைவிடத் துல்லியமாக ஒரே படத்தில் காட்டுவது கடினம். அந்த எடையைக் கட்டிக்கொள்ளச் செய்து, அவன்மீது நம்பிக்கை வைத்த ஓர் ஆசிரியர் அவனுக்கு இருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

லீயின் அணியிலேயே நெஜி என்று இன்னொருவன் இருக்கிறான். பிறவி மேதை என்று ஊரே சொல்கிறது. ஆனால் அவன் பிறந்தது குலத்தின் கிளைக் குடும்பத்தில். முதன்மைக் குடும்பத்துக்கு அடங்கி நடக்க வேண்டும் என்பதற்காக அவன் நெற்றியில் முத்திரை குத்தியிருக்கிறார்கள். குலத்தின் உயர்ந்த வித்தைகளைக் கிளைக் குடும்பத்துக்குச் சொல்லித்தருவதில்லை. அவற்றை நெஜி தானாகவே கண்டறிந்து தேர்ச்சி பெறுகிறான். அப்படிக் கற்றவனே, 'எல்லாம் பிறப்பிலேயே விதிக்கப்பட்டது' என்று வாதாடுகிறான். ஒடுக்கப்பட்டவன் தன் திறமையை விட்டுவிட்டுத் தன் நெற்றி முத்திரையையே நம்பத் தொடங்கும் துயரம் இது. இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் வாசகருக்கு விளக்கவுரை தேவைப்படாது.

அந்தக் கதைக்கும் ஒரு சறுக்கல் உண்டு. பள்ளித் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்ற, யாருமற்ற கதாநாயகன் நருட்டோதான் நெஜியை வீழ்த்தி, விதி என்று ஒன்று இல்லை என்று காட்டுகிறான். பல ஆண்டுகள் கழித்து அதே கதை, நருட்டோ ஊரின் நான்காவது தலைவருடைய மகன் என்கிறது. பிறகு, புராண காலத்து வீரன் ஒருவனின் மறுபிறப்பு என்றும் சொல்லிவிடுகிறது. உழைப்பின் கதையாகத் தொடங்கியது வம்சத்தின் கதையாக முடிகிறது. பரம்பரை என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. அதை எதிர்த்துக் கிளம்பிய கதையையும் அது கடைசியில் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

இந்தக் கேள்வியை இன்னும் நேர்மையாகக் கையாண்ட மங்கா 'ஹிகாரு நோ கோ'. யுமி ஹொட்டா எழுத, தகேஷி ஒபாட்டா வரைய, 1998 முதல் 2003 வரை வெளிவந்தது. சதுரங்கம்போல ஜப்பானில் வேரூன்றிய 'கோ' விளையாட்டைப் பற்றியது. விளையாட்டே தெரியாத ஹிகாரு, தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பழைய பலகையைக் கண்டெடுக்கிறான். பல நூற்றாண்டுகளுக்கு முன் அரசவையில் கோ கற்பித்த சாய் என்பவரின் ஆவி அந்தப் பலகையில் குடியிருக்கிறது. அது அவனுக்கு ஆசானாகிறது. அவனுக்குப் போட்டியாக வரும் அகிரா, முன்னணி ஆட்டக்காரர் ஒருவரின் மகன், சின்னஞ்சிறு வயதிலிருந்தே தந்தையோடு ஆடி வளர்ந்தவன். கதையின் நடுவில் சாய் மறைந்துபோகிறார். ஆசானை ஊரெல்லாம் தேடி அலைந்த ஹிகாரு ஆட்டத்தையே விட்டுவிடுகிறான். பிறகு நண்பன் ஒருவனோடு ஆடும்போது, தான் வைத்த காயிலேயே சாயின் கையை அடையாளம் காண்கிறான். கற்றுக்கொடுத்தவர் கற்றவனின் ஆட்டத்துக்குள் இருந்தார். அவன் மேதைமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பரணில் கிடைத்த பலகை, உடன் இருந்த ஆசான், எதிரே உட்கார்ந்த அகிரா ஆகிய மூன்றையும் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

இனி பாடிக்கு வருவோம். வைஷாலி தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்றுதான் பெற்றோர் அவரைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். இதை அவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பியும் பலகைக்கு வந்தான். 2013இல் சென்னை வந்த மேக்னஸ் கார்ல்சன் ஒரே நேரத்தில் பலரோடு ஆடிய காட்சி ஆட்டத்தில், 12 வயது வைஷாலி அவரைத் தோற்கடித்தார். தம்பி 2016இல், 10 வயதில், அதுவரை உலகில் மிக இளம் வயதில் சர்வதேச மாஸ்டர் ஆனவன் என்ற பெயரை எடுத்தான். 2018இல் கிராண்ட்மாஸ்டர் ஆனான். 2023 டிசம்பரில் வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான 2500 தரப்புள்ளிகளைத் தாண்டியபோது, உலகின் முதல் அக்கா-தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் பாடியில் இருந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் வைஷாலியைப் 'பிரக்ஞானந்தாவின் அக்கா' என்றே பலரும் அறிமுகப்படுத்துகிறார்கள். அந்த வீட்டுக்குள் சதுரங்கம் நுழைந்தது அவர் வழியாக. வரலாற்றை அந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும்.

அந்த வீட்டைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இன்னும் பலர் தெரிகிறார்கள். வங்கி வேலையில் இருந்துகொண்டு இரண்டு பிள்ளைகளின் பயணச் செலவையும் சுமந்த தந்தை ரமேஷ்பாபு. வெளிநாட்டுப் போட்டிகளுக்கு மின்னடுப்பும் அரிசியும் எடுத்துப் போய், ஓட்டல் அறையில் ரசம் வைத்துக் கொடுத்த தாய் நாகலட்சுமி. எண்ணெய் நிறுவன வேலையை விட்டுவிட்டுப் பயிற்சியாளராக மாறிய கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ். குகேஷின் கதையிலும் இப்படித்தான். காது மூக்கு தொண்டை மருத்துவரான தந்தை மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தம் தொழிலையே நிறுத்தினார். நுண்ணுயிரியல் துறையில் இருந்த தாயின் வருமானத்தில் குடும்பம் ஓடியது. நண்பர்கள் பண உதவி செய்தார்கள். நான்காம் வகுப்புக்குப் பிறகு தினமும் வகுப்புக்கு வரத் தேவையில்லை என்று பள்ளி விலக்குக் கொடுத்தது. கணினியின் துணை இல்லாமல் சொந்தமாக யோசிக்க வேண்டும் என்று பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பல ஆண்டுகள் கண்டிப்பாக இருந்தார்.

இவர்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசையும் இருக்கிறது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன் அந்தப் பட்டம் பெற்ற ஆண்டு 1961. சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் 1972இல் தொடங்கப்பட்ட தால் சதுரங்க மன்றத்தில் ஆடிப் பழகிய விஸ்வநாதன் ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2013 நவம்பரில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் சென்னையில் நடந்த உலகப் பட்டப் போட்டியைப் பார்க்கப் போன கூட்டத்தில் ஏழு வயது குகேஷும் இருந்தான். சென்னையில் மட்டும் ஏன் இத்தனை மேதைகள் பிறக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த வரிசைதான் பதில். பாடியின் தண்ணீரில் தனியாக ஒன்றும் இல்லை.

அப்படியானால் பிறவியில் எதுவுமே வருவதில்லையா? அப்படிச் சொன்னால் அது பொய்யாகும். ஹங்கேரியின் லாஸ்லோ போல்கார், மேதைகளை வளர்த்து உருவாக்கலாம் என்று அறிவித்துத் தம் மூன்று மகள்களையும் சதுரங்கத்தில் வளர்த்தார். மூத்தவர் சூசன் பெண்கள் உலக சாம்பியன் ஆனார். கடைக்குட்டி யூடித், ஆண்களும் பெண்களும் சேர்ந்த உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை போனார். நடு மகள் சோஃபியா சர்வதேச மாஸ்டர். மூவருமே உயரத்துக்குப் போனார்கள், ஆனால் ஒரே வீட்டில் ஒரே தந்தையிடம் பயின்றும் ஒரே உயரத்துக்குப் போகவில்லை. அர்ஜென்டினாவின் சதுரங்க வீரர்களை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வொன்றில், மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரப் பயிற்சி போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கும் மேல் தேவைப்பட்டது. இந்த வேறுபாடு உண்மை, இதை மறைத்து வாதாட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனால் அந்த 3,000 மணி நேரக்காரரும் 3,000 மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. பலகையையே பார்க்காதவருக்குத் தாம் எந்த வகை என்று தெரியவே வாய்ப்பில்லை.

சிங்கப்பூரின் கடைசி ஆட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 13 ஆட்டங்கள் முடிந்து குகேஷும் எதிராளி டிங் லிரெனும் 6.5 புள்ளிகளோடு சமநிலை. 14ஆவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷிடம் ஒரு யானை, ஒரு பிஷப், இரண்டு சிப்பாய்கள். டிங் லிரெனிடம் ஒரு யானை, ஒரு பிஷப், ஒரு சிப்பாய். பார்த்த நிபுணர்கள் டிராதான் என்றார்கள். குகேஷ் எழுந்திருக்கவில்லை. ஆபத்தில்லாமல் ஆடக்கூடிய ஒவ்வொரு நகர்த்தலாக ஆடி, எதிராளியின் முன் மீண்டும் மீண்டும் ஒரு சின்னச் சிக்கலை வைத்துக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன, பிஷப்புகளும் வெட்டுப்பட்டன, ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிய நிலையில் வெற்றி குகேஷ் பக்கம் வந்துவிட்டது. மூன்று நகர்த்தல்கள் கழித்து டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகப் பட்டத்தைக் கொண்டுவந்தது அந்த உட்காருதல்தான். அதற்குப் பழக்கம் வேண்டும், பழகுவதற்குச் சிறு வயதில் நேரம் கிடைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வெறும் உளவியல் கேள்வியாக ஒருநாளும் இருந்ததில்லை. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்றும் கழிக்க வேண்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954இல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். பிறப்பிலேயே திறமை தீர்மானிக்கப்படுகிறது என்ற நம்பிக்கை அரசாணையாக மாறினால் எப்படி இருக்கும் என்பதை நம் தாத்தா பாட்டிகள் நேரில் பார்த்திருக்கிறார்கள். 'நம்ம புள்ளைங்களுக்கு எங்க வரும்' என்று இன்று ஒரு தந்தை சொல்லும்போது, அந்தப் பழைய ஆணை அவர் வாய்வழியாகத் திரும்பி வருகிறது. நெஜியின் நெற்றி முத்திரையை நாமே நம் பிள்ளைகளுக்குக் குத்தவேண்டாம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளிலும் ஆவடியின் தொழிற்சாலைகளிலும் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைத் தொட்டுணரும் விரல்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் பிறவி மேதைமை என்று சொல்வதில்லை. மேஸ்திரியிடம் திட்டு வாங்கி, பல வருடம் நின்று கற்றுக்கொண்டது என்கிறோம். ஒரு டர்னரின் கையைப் பற்றி நாம் சரியாகவே பேசுகிறோம். அதே அளவுகோலைச் சதுரங்க வீரருக்கும் கணிதம் படிக்கும் பெண்ணுக்கும் ஓவியம் வரையும் சிறுவனுக்கும் வைத்தால் போதும்.

மருத்துவர் வீட்டிலும் வங்கி ஊழியர் வீட்டிலும் பிறந்த பிள்ளைகள் உலகத்தை வென்றது நமக்குப் பெருமை. அந்த வீடுகளிலும் பணம் போதாமல் திணறினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். மாதச் சம்பளமே இல்லாத வீட்டின் பிள்ளைக்கு என்ன வழி? 2013இல் தமிழக அரசு 7 முதல் 17 வயது வரையிலான மாணவர்களுக்குப் பள்ளிகளில் சதுரங்கம் என்று திட்டம் அறிவித்தது. 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடை நடத்தியது. இரண்டும் நல்ல காரியங்கள். அவற்றின் பலன் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வாரந்தவறாமல் வரும் ஓர் ஆசிரியராக மாற வேண்டும் என்பதே நம் கோரிக்கை. கிளை நூலகங்களில் சனி, ஞாயிறுகளில் நான்கு பலகைகளையும், கூடவே நல்ல மங்கா தொகுதிகளையும் வைக்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சதுரங்கம், வயலின், கணிதம், தையல், கணினி என்று உங்களுக்குத் தெரிந்தது எதுவாக இருந்தாலும், உங்கள் தெருவில் அதைக் கற்க வாய்ப்பில்லாத ஒரு பிள்ளைக்கு வாரம் இரண்டு மணி நேரம் கொடுங்கள். அந்தப் பிள்ளை மேதையா இல்லையா என்று முன்கூட்டியே கணக்குப் போடாதீர்கள். பெண் குழந்தையை முதலில் கூப்பிடுங்கள். இந்த மாதமே தொடங்குங்கள்.